நாம் கேட்டு மகிழ்ந்த இசை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)





"அண்மையில் நீர் கேட்டு மகிழ்ந்த இசையைப் பற்றி அரை மணி நேரம் பேசும்" என்று செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தபோது, இது மிக இலகுவான காரியம் என்று எண்ணி உடனே தலையசைத்து விட்டோம். வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்த பின்னரே அதன் கஷ்டம் தெரிந்தது. நாம் சங்கீதம் முறையாகக் கற்றவர் அல்லர். வீணையோ வயலினோ தொட்டதில்லை. இராகத்தைக் கேட்டவுடன் பெயர் சொல்லும் வல்லமையும் எமக்கில்லை. கேட்கும் ஆசை ஒன்றே எமது தகுதி. ஆகவே இது வித்துவான் ஒருவரின் விரிவுரை அன்று. கேட்டவர் ஒருவர் கேட்டதைச் சொல்லும் பேச்சு என்று மட்டும் கொண்டு, பிழை இருப்பின் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லி விடுகிறோம். சினிமாப் பாட்டை நாமும் கேட்கிறோம். இளையராஜாவின் பாட்டு ஓடும் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டு போவதும் எமக்குச் சந்தோஷமே. இந்த மேடையில் ஏறியதும் அதை மறைத்துத் தேவாரமும் கீர்த்தனையும் மட்டுமே கேட்பவர் போல நடிக்க எமக்கு மனம் வரவில்லை. எனினும் அவை உங்களுக்கும் தெரிந்தவை. தெரிந்ததைச் சொல்ல அரை மணி நேரம் எதற்கு?

பெரியோர்கள் இளமையில் இசை கேட்ட விதம் வேறு. இலங்கை வானொலி, அது 1967இல் கூட்டுத்தாபனமாகும் முன்பும் பின்பும், வீட்டுக்கு வீடு பாடியது. தெரு நீளம் நடந்து போனாலும் ஒரு பாட்டின் ஒரு சொல்லும் தவறாதாம், எல்லா வீட்டிலும் அதே நிலையம் என்று அப்பா சொல்லுவார். காலையில் 'பொங்கும் பூம்புனல்', பின்னர் பி. எச். அப்துல் ஹமீத் அவர்களின் குரல் என்று அவர் சொல்லத் தொடங்கினால் தேநீர் ஆறிவிடும். அக்காலத்தில் பாட்டைத் தெரிந்து எடுத்துத் தர ரசனையுள்ள மனிதர் ஒருவர் இருந்தார். எமக்கோ கையிலிருக்கும் தொலைபேசி தெரிவு செய்து தருகிறது. அதனிடம் ஒரு குணம் உண்டு. நேற்றுக் கேட்டதைப் போன்ற ஒன்றையே இன்றும் நீட்டும். அதனால் ஆயிரம் பாட்டுக் கேட்டும் ஒரே பாட்டைக் கேட்டவர் போல ஆகிவிடுகிறோம். நாம் இன்று சொல்லப்போகும் இசையில் பெரும்பகுதி அக்கருவி தந்ததன்று. தற்செயலாகவும், பிறர் வீட்டு வாசலில் நின்றும் கிடைத்தது.

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர் நாம். காலைக் கூட்டத்தில் கீர்த்தனை பாடுவார்கள். ஒரு ரீச்சர் ஆர்மோனியம் வாசிப்பார். அதன் துருத்தி கிழிந்து ஒட்டுப்போட்டிருந்தபடியால் இரண்டு சுரங்களுக்கு இடையில் ஒரு பெருமூச்சுக் கேட்கும். நெற்றியில் திருநீற்றோடு நின்று நாமும் பாடினோம். அது யார் பாட்டு, எவர் சமயம் என்ற கேள்வி அந்த வயதில் எழவில்லை. பின்னர்தான் விசாரித்து அறிந்தோம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774இல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர். மேல்நாட்டு மெட்டுக்குத் தமிழ்ச் சொல்லைத் திணித்துப் பாடிய காலத்தில், நம் கருநாடக இராகத்திலேயே கிறிஸ்தவக் கீர்த்தனைகளை இயற்றினார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை அவர்களோ தாம் கிறிஸ்தவராயிருந்தும் எல்லாச் சமயத்தாரும் பாடத்தக்க கீர்த்தனைகளைச் செய்து வைத்தார். ஒட்டுப்போட்ட ஆர்மோனியத்தோடு நாம் கத்திய பாட்டுக்குப் பின்னால் இத்தனை பெரிய வரலாறு இருந்தது என்பது அன்றைக்கு யாருக்குத் தெரியும்!

அந்த மெத்தனமான தொலைபேசியும் ஒரே ஒரு தடவை தவறிப்போய் நல்லதொன்றைத் தந்தது. பல்கலைக்கழக விடுதியில் ஒரு இரவு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். ஏதோ ஒன்று முடிந்து தானாக நாகசுரம் ஒலிக்கத் தொடங்கியது. திருவிழாவில் நாம் கேட்கும் நாகசுரம் ஒலிபெருக்கிக் குழாயின் வழியே வந்து காதை அறையும். இது அப்படியன்று. இராகத்தை மெல்ல மெல்ல, சேலையை மடிப்பு மடிப்பாக விரிப்பது போல விரித்துக்கொண்டு போயிற்று. புத்தகத்தை மூடிவிட்டோம். வாசித்தவர் பெயரைப் பார்த்தால் ஷேக் சின்ன மௌலானா! பக்கத்துக் கட்டிலில் இருந்த நண்பர் அக்கரைப்பற்றைச் சேர்ந்த முஸ்லிம். "இது எங்கட ஆளா, உங்கட ஆளா?" என்று கேட்டார். இருவருக்கும் சிரிப்பு வந்தது. பதில் தெரியவில்லை.

பதிலைத் தேடினோம். சின்ன மௌலானா 1924இல் ஆந்திர தேசத்தின் கரவதி என்ற ஊரில், தலைமுறை தலைமுறையாக நாகசுரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மனம் பறிகொடுத்து, தஞ்சைப் பாணியைக் கற்பதற்கென்றே தமிழ் நாட்டுக்கு வந்து, நாச்சியார்கோயில் இராசம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்றார். பின் திருவரங்கத்திலேயே குடியேறி, அரங்கநாதர் சந்நிதியில் வாசித்தார். சென்னை மியூசிக் அக்கடமி 1998இல் 'சங்கீத கலாநிதி' விருதளித்தது. மறு ஆண்டு காலமானார். அவரிடம் கற்ற ஷேக் மகபூப் சுபானி, அவர் மனைவி காலீஷாபி இருவருக்கும் 2020இல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது. நாகசுரம் ஊதப் பெண்ணுக்கு மூச்சுப் போதாது என்று சொல்லும் அன்பர்கள் காலீஷாபி அம்மையாரின் வாசிப்பை ஒருமுறை கேட்டுவிட்டு, பிறகு சொல்லட்டும்.

அந்த அக்கரைப்பற்று நண்பர் கடன் வைப்பவர் அல்லர். மறுவாரமே எமக்கு இரண்டு பெயர்கள் தந்தார். ஒன்று காயல்பட்டினம் காசிம் புலவர். அருணகிரிநாதரின் திருப்புகழ்ச் சந்தத்திலே நபிகள் நாயகத்தின் மீது திருப்புகழ் பாடியவர். மற்றது குணங்குடி மஸ்தான் சாகிபு. 1792 முதல் 1838 வரை வாழ்ந்த சூபி ஞானி. தாயுமான சுவாமிகளின் பராபரக்கண்ணியைப் படித்தவர்களுக்கு மஸ்தான் சாகிபுவின் கண்ணிகள் அந்நியமாகத் தோன்றா. திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் என்ற பெரும் புலவர் அவர்மீது நான்மணிமாலை பாடினார் என்றால், அக்காலத்துச் சைவர் அவரை எப்படி மதித்தார்கள் என்பது விளங்கும்.

நாகூர் ஹனிபா அவர்களைப் பற்றி இங்கே நாம் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் திகதி அவர் காலமான செய்தி வந்தபோது எங்கள் வீட்டிலும் சற்று நேரம் எவரும் பேசவில்லை. இறைவனிடம் கையேந்தச் சொல்லும் அவருடைய பாட்டு எல்லாருக்கும் பொதுவானது என்று அம்மா அன்று சொன்னார். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில், நாகூர் ஆண்டகையின் பேரால் கொடியேறும் நாட்களில் அந்தக் குரல் காற்றோடு எங்கள் பக்கமும் வந்து சேரும். சின்ன வயதில் அதை நாம் கடலின் சத்தங்களில் ஒன்று என்று எண்ணியிருந்தோம். நோன்பு மாதத்துப் பின்னிரவில் றபான் அடித்துப் பாடிக்கொண்டு போகும் பக்கீர்மாரின் ஓசையும் அப்படியே. எழும்ப வேண்டியவர்கள் அவர்கள். விழித்துக்கொண்டு கிடந்து கேட்டவர் நாம்.

இனி, இந்தப் பேச்சில் எமக்கு மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

காரைதீவு எம்மிடமிருந்து எத்தனை தூரம்? சைக்கிளில் போய்த் திரும்பி வந்து மத்தியானச் சோறு உண்ணலாம். அந்த ஊரிலே 1892இல் பிறந்து, கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், மட்டக்களப்பில் அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் படித்து, இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியாகி, பின் துறவு பூண்டவர் சுவாமி விபுலானந்தர். அவர் படத்துக்கு மாலை போடாத ஆண்டு விழா இந்தக் கரையில் இல்லை. ஆனால் அவருடைய 'யாழ் நூலை' எத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறோம்? எம்மையும் சேர்த்தே கேட்கிறோம். நாம் சென்ற ஆண்டு திறந்தோம். நாற்பது பக்கம் போகும் முன்னே தோற்று மூடினோம். பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என்று ஏழு இயல். எங்கும் கணக்கு. இசை நூல் என்று எடுத்தால் பின்னமும் பெருக்கலும் வருகின்றனவே என்று மலைத்தோம்.

பௌதிகம் படிக்கும் நண்பர் ஒருவர்தான் வழி காட்டினார். மேசையின் இரு முனையிலும் ஆணி அடித்துக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டினார். முழுக் கம்பியைத் தட்டினால் ஒரு ஒலி. அது குரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பியின் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் ஒலிக்கவிட்டால் கேட்பது இளி, இக்காலத்துப் பஞ்சமம். மீண்டும் அதில் மூன்றில் இரண்டு, மீண்டும் அதில் மூன்றில் இரண்டு என்று போய்க்கொண்டே இருந்தால் பன்னிரண்டு படியில் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வரவேண்டும். ஆனால் வருவதில்லை! நூற்றுக்கு ஒன்றரைக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சி நிற்கிறது. அந்த மிச்சத்தை என்ன செய்வது என்பதுதான் வழக்கு. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகர'த்தில் ஒரு ஸ்தாயியை இருபத்துநான்கு சமபாகமாக வகுக்க வேண்டும் என்று வாதித்தார். விபுலானந்த அடிகள் இருபத்திரண்டு அலகு என்ற பழைய கணக்கை நிலைநாட்டினார். யார் சரி என்று தீர்ப்பளிக்க நாம் ஆளல்ல. மேசைக் கம்பியில் அந்த வித்தியாசத்தைக் காதால் கேட்டுவிட்டோம் என்பதே எமது பெருமை. விடுதிப் பொறுப்பாளர் மேசையில் ஆணியடித்ததற்காக எம்மிடம் அபராதம் வாங்கினார். அது வேறு கதை.

அடிகளார் எதற்காக இத்தனை பாடுபட்டார்? சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை இருக்கிறது. யாழாசிரியன் இலக்கணம் இருக்கிறது. பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்று பெயர்கள் இருக்கின்றன. யாழ் இல்லை. அதை வாசித்த விரல் இல்லை. கேட்டவர் காதும் இல்லை. தமிழன் சொல்லைப் பேணி ஒலியைத் தவற விட்டான். ஒரு தலைமுறை மற்றத் தலைமுறைக்குக் காட்டிக் கொடுக்காத ஒன்றைப் பல நூற்றாண்டு கழித்துக் கணக்குப் போட்டு மீட்க வேண்டியதாயிற்று. அதற்கு ஒரு மனிதர் தம் வாழ்நாளில் பல வருடங்களைக் கொடுத்தார். 1947 ஜூன் மாதம் 5ஆம் 6ஆம் திகதிகளில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. ஜூலை 19ஆம் திகதி அடிகளார் காலமானார். ஆறு வாரம்.

யாழ் நூலை மூடிவைத்த இரவில் எமக்கு எங்கள் அம்மம்மாவின் நினைவு வந்தது. காரணத்தைச் சொல்லுகிறோம்.

அம்மம்மாவுக்குக் கவி தெரியும். கவி என்றால் பண்டிதர் செய்யும் செய்யுள் அல்ல. நாலடியில் முடியும், வட்டையிலும் வாடியிலும் பிறந்த பாட்டு. வெள்ளாமைக்குக் காவலிருந்தவன் இரவிலே பன்றியும் யானையும் வராதபடியும், தனக்கு நித்திரை வராதபடியும் பரணிலிருந்து படித்தது. கதிர் அறுக்கப் போன பெண்கள் ஒருவர் எடுக்க மற்றவர் தொடுத்தது. மச்சானும் மச்சியும் பேசிக்கொள்ளும் காதல் அதில் அதிகம். அந்தக் காலத்தில் அறுவடைக்குத் தமிழ்க் குடியும் முஸ்லிம் குடியும் ஒரே வட்டையில் வாடி போட்டுத் தங்கினார்கள். அம்மம்மா அங்கேதான் கவி கற்றார், மருதமுனையிலிருந்து வந்த பெண்பிள்ளைகளிடம். குரவையும் இரண்டு பக்கத்துக்கும் பொது. கல்யாண வீட்டுக் குரவையைத் தூரத்திலிருந்து கேட்டு, அது அம்மன் கோயில் பக்கமா பள்ளிப் பக்கமா என்று சொல்லிவிட ஒருவராலும் முடியாது என்பார். எங்கள் வசந்தன் கூத்தில் கோலடிக்கும் பிள்ளைகளையும், அவர்களுடைய பொல்லடியையும் பார்த்தவர்கள் இந்தச் சபையில் இருப்பீர்கள். இரண்டுக்கும் ஆட்டுவிப்பவர் பெயர் அண்ணாவியார்தான்.

1985, 1990. இந்த இரண்டு வருடங்களைப் பற்றி இந்தச் சபைக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அப்போது நாம் பிறக்கவே இல்லை. பெரியோர்கள் எம்மைவிட நன்கு அறிவீர்கள், அறிந்தும் பேசாமல் இருக்கிறீர்கள். அம்மம்மா அதற்குப் பின் கவி படிக்கவில்லை என்று மட்டும் அம்மா சொல்லி அறிந்தோம். அதற்கு முன் மாமா ஒருவர் அவருடைய கவிகளைக் கசற்று நாடாவில் பதிவு செய்து வைத்திருந்தார். மாமாவின் வீடு கடலோரத்தில் இருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வீட்டோடு நாடாவும் போயிற்று. மாமாவும் குடும்பமும் தப்பியதே பெரிது என்று அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஆள் மிஞ்சிய வீட்டில் நாடாவுக்கு யார் அழுவார்கள்?

போன வருடம் விடுமுறையில் வந்தபோது அம்மம்மாவிடம் கேட்டோம். "போ மனே, அது கோயிலடியில படிக்கிற பாட்டில்ல" என்றார். வெட்கம். எண்பத்திரண்டு வயதிலும் வெட்கம்! விடாமல் கேட்டோம். விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, தொலைபேசியைத் தலையணையில் வைத்துவிட்டு இருந்தோம். நாலாம் நாள் தானாகத் தொடங்கினார். குரல் உடைந்திருந்தது, மெட்டு உடையவில்லை. ஒவ்வொரு அடியையும் உயர எடுத்து, நீட்டி, மெல்ல இறக்கி விடுவார். தாளம் கிடையாது. மூச்சுத்தான் அளவு. நாலைந்து சுரத்துக்குள் அடங்கிவிடும் மெட்டு. அதற்குள் எத்தனை கேலி, எத்தனை ஏக்கம்! பதினொரு கவி படித்தார். பதினோராவது கவியில் மூன்றடி வந்து நாலாவது வரவில்லை. "நாளைக்கு ஞாபகம் வரும்" என்று படுத்துக்கொண்டார். விடுமுறை முடிந்து நாம் போய்விட்டோம். தை மாதம் அம்மம்மா தவறிவிட்டார்.

அந்த நாலாம் அடியைத் தேடியே நாம் மருதமுனைக்குப் போனோம். அப்பாவோடு வேலை செய்த ஒரு காக்கா கூட்டிக்கொண்டு போனார். தறிச் சத்தம் கேட்கும் ஒரு வீட்டு விறாந்தையில் அவருடைய மூத்தம்மா இருந்தார். வயதைக் கேட்டோம். சிரித்தார். "கதிரறுக்கக்குள்ள படிக்கிற பாட்டுத் தெரியுமா?" என்று கேட்டோம். "அது பாட்டில்ல மனே, கவி" என்று திருத்தினார். அம்மம்மாவின் பதிவை ஒலிக்க விட்டோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் "இது ஆருட குரல்?" என்றார். சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அம்மம்மா எந்த வட்டைக்குப் போனவர், யாருடைய வாடியில் நின்றவர் என்றெல்லாம் விசாரித்தார். எமக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. கேட்டு வைத்திருக்கவில்லையே!

பிறகு அவர் படித்தார். தறிச் சத்தத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுப் படித்தார். அதே மெட்டு, ஆனால் மூன்றாம் அடியில் அம்மம்மா இறக்கும் இடத்தில் இவர் ஏற்றுகிறார். ஆறு கவி வந்தது. அதில் இரண்டு அம்மம்மாவிடம் உள்ளவை, சொல்லில் சிறு மாற்றத்தோடு. பதினோராவது கவி அவருக்குத் தெரியவில்லை. "எங்கட ஊருக் கவியில்ல அது, தெற்கால இருந்து வந்திருக்கும்" என்றார். நிந்தவூரா, அக்கரைப்பற்றா, தம்பிலுவிலா, அவருக்கும் தெரியவில்லை. புறப்படும்போது, "ஆரு மனே இப்ப இதெல்லாம் கேக்காங்க? எங்கட பிள்ளைகள் கூடாது எண்டுறாங்க" என்றார். பக்கத்தில் நின்ற பேரப்பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

எமக்கும் நிலத்தைப் பார்க்கத் தோன்றியது. ஏனென்றால் இந்த விடயத்தை நம் சங்கத்தின் வேலையாக எடுக்கலாமா என்று கேட்டபோது, "காதல் பாட்டும் முஸ்லிம் பெண்களின் பாட்டும் இந்து வாலிபர் சங்கத்துக்கு எதற்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் எம்மீது அன்புள்ளவர். இன்றும் முன் வரிசையில் இருக்கிறார். அவருக்குத் தனியே சொன்ன பதிலைச் சபையிலும் சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறோம்.

ஐயா, காரைதீவு இந்து சமய அன்பர்கள் அக்கறை எடுத்திராவிட்டால் வி. சீ. கந்தையா அவர்கள் பதிப்பித்த கண்ணகி வழக்குரை 1968இல் அச்சேறியிருக்குமா? வைகாசிக் குளிர்த்தியில் உடுக்கோடு அது படிக்கப்படுவதை நாம் கேட்கிறோம். ஆனால் உடுக்கடித்து வழக்குரை படிக்கத் தெரிந்தவர்கள் இப்போது எத்தனை பேர்? ஒலிபெருக்கியில் சினிமா மெட்டுப் பக்திப் பாட்டுப் போட்டால் வேலை சுலபமாக முடிகிறது என்று நாமே விட்டுவிட்டோம். நம்முடையது எது, அவர்களுடையது எது என்று பிரித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் போகின்றன. வசந்தன் கவிகளைத் தி. சதாசிவ ஐயர் 1940இலேயே திரட்டி அச்சிட்டார். நிந்தவூர் எஸ். முத்துமீரான் அவர்கள் முஸ்லிம் கிராமத்துக் கவிகளை ஆண்டுக்கணக்காக அலைந்து தொகுத்தார். இப்பெரியோர்களை நாம் வணங்குகிறோம். ஆனால் அவர்கள் புத்தகத்தைத் திறந்தால் சொல் இருக்கிறது. மெட்டைப் புத்தகத்தில் எப்படி வைப்பது? அம்மம்மா இறக்கும் இடத்தில் மருதமுனை மூத்தம்மா ஏற்றுகிறார் என்பது எந்த அச்சில் வரும்? யாழுக்கு நேர்ந்தது இதுதான். அன்று ஒலியைப் பிடித்துவைக்க வழி இல்லாதிருந்தது. நம் சட்டைப் பையில் இருக்கிறது. யாழை மீட்க ஒரு விபுலானந்தர் வந்தார். கவிக்காக இன்னொருவர் வந்து கணக்குப் போடுவார் என்று நாம் காத்திருப்பதா?

இதைக் கேட்டுவிட்டுப் பெரியவர், "உன் அம்மம்மாவின் கவியை எனக்கு ஒருக்காப் போட்டுக் காட்டு" என்றார். போட்டோம். ஐந்தாவது கவியில் அவரும் சேர்ந்து படித்தார். அதை அவர் மறுத்தாலும் எம்மிடம் பதிவு இருக்கிறது.

சிரிப்புக்கு இடையில் ஒரு சிறு செய்தி. மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பது உலகறிந்த கதை. எமர்சன் தெனன்ற் 1859இல் அச்சிட்ட இலங்கை வரலாற்றில் அதை எழுதினார். 1950களில் அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் பதிவு செய்து அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. விபுலானந்த அடிகள் நீரரமகளிர் பாடுவதாகவே அதைக் கற்பனை செய்து பாடினார். சென்ற பூரணையன்று நாமும் நண்பரும் கல்லடியில் தோணி பிடித்துப் போய், துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்து ஒரு மணி நேரம் இருந்தோம். பாலத்தில் போன லொறிகளின் உறுமலும், தோணிக்காரர் பாக்கு மெல்லும் சத்தமுமே கேட்டன. மீன் பாடுவதை நிறுத்திவிட்டதா, நாம் கேட்கத் தெரியாதவரா என்று தோணிக்காரரைக் கேட்டோம். "வாகனம் குறைஞ்ச நேரத்தில வரணும் தம்பி" என்றார். இன்னும் ஒருமுறை போவதாக இருக்கிறோம்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் அவர்கள் மணியைத் தொடுகிறார். இரண்டு வார்த்தை சொல்லி அமர்கிறோம்.

வருகிற சனிக்கிழமை காலை மருதமுனைக்கும், அதற்கடுத்த சனிக்கிழமை நிந்தவூருக்கும் போகிறோம். நற்பிட்டிமுனையிலும் துறைநீலாவணையிலும் கவி தெரிந்த இருவர் இருப்பதாகக் கேள்வி. வாலிப அன்பர்களில் மூவர் வந்தால் போதும். கூட்டமாகப் போனால் கிழவிமார் வாய் திறக்கமாட்டார்கள். தொலைபேசியில் மின்சாரம் நிறைத்துக்கொண்டு வாருங்கள். பாட்டை மட்டும் கேட்டுவிட்டு வராமல், எந்த வட்டை, யாருடைய வாடி, யாரிடம் கற்றது என்று எல்லாம் கேட்டு எழுதுவோம். நாம் செய்த பிழையை நீங்கள் செய்யவேண்டாம்.

இப்போது அம்மம்மாவின் பதினோராவது கவியை இந்த ஒலிபெருக்கியில் போடுகிறோம். மூன்றடிதான் வரும். பின் வரிசையிலிருக்கும் ஆச்சிமார் தயவு செய்து காது கொடுங்கள். நாலாம் அடி உங்களில் யாருக்காவது தெரிந்தால், வெட்கப்படாமல் அங்கிருந்தே படியுங்கள். பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது.